சும்மா கொடுத்த பெண்டு

தம்பி,

புதன்கிழமை காலை நான் கப்பலூருக்குப் போய், சௌந்தரத்தின் கம்பெனியில் நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்த தவறு முத்துராசு செய்தது அல்ல, நான் செய்தது என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவருடைய புது ஷெட்டுக்காக நீ இரண்டு மாதமாக அலைந்து பேசி வைத்திருந்த பதினாறு மெஷின் ஆர்டரில் அவர் மறுநாள் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அது தெரிந்துதான் போனேன். மறந்து போய் உளறிவிட்டேன் என்று நீ உன் மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

கோயம்புத்தூரில் பம்பு பார்க்கப் போயிருந்த நீ அன்று சாயங்காலமே போன் பண்ணினாய். "யாருப்பா கேட்டா உங்கள?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். ஊருக்கு வந்து மூன்று நாளாகிறது. சாப்பிடுகிறாய், மாடிக்குப் போகிறாய். நடுவில் உன் அம்மாதான் தபால்காரர் வேலை பார்க்கிறாள். நேருக்கு நேர் உட்கார்ந்தால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். அடுத்த மாதம் சிம்மக்கல் கடைப் பலகையில் உன் பெயர் ஏறப்போகிறது. முழங்கால் ஏணி ஏற விடாத நான் இனிமேல் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து டீ குடிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நீ அதை ஏற்றக் கூடாது.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், உன் அம்மாவும் படிப்பாள் என்பதால். முப்பது வருஷமாக நான் விற்பது என்ன பொருள் என்று கேட்டால் இன்றைக்கும் அவள் "மெஷினுக்குச் சோறு ஊட்டுற கொழாய்" என்றுதான் உறவுக்காரர்களிடம் சொல்கிறாள். அதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை. பிளாஸ்டிக் கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் குருணை வரும். அது மெஷினின் தலையில் இருக்கும் தொட்டிக்குப் போக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து நான் முதலில் பார்த்த வேலையே அதுதான். இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தோளில் போட்டு, ஏணியில் ஏறிக் கொட்டிவிட்டு இறங்குவது. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது மூட்டை. உறிஞ்சுகிற மோட்டாரும் நாலு குழாயும் இருந்தால் இந்த ஏணியே வேண்டாம் என்று ஒரு பம்பாய்க்காரர் வந்து மாட்டிக் காட்டினார். அன்றைக்கே நான் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அந்தக் குழாய் எங்கே வாங்கினது, என்ன விலை என்று அவர் பின்னாலேயே போய்விட்டேன். படித்தவன் இல்லை. தோள் வலித்தது, அதனால் மூளை வேலை செய்தது.

நம் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது, நீயும் பார்த்துவிட்டாய். வாங்க வருகிறவர் மோட்டாருக்குத்தான் பேரம் பேசுவார். மோட்டார் கண்ணுக்குத் தெரியும், சத்தம் போடும், தட்டிப் பார்க்கலாம். கூரைக்கு அடியில் ஓடுகிற குழாயை யாரும் விலையாக நினைப்பதில்லை. பேரமெல்லாம் முடிந்து டீ வந்த பிறகு, கடைசியாகக் கறிவேப்பிலை கேட்பது போல, "பைப்பு, பெண்டெல்லாம் சேத்துத்தானண்ணே?" என்பார். நாமும் "அதுக்கெல்லாம் உங்ககிட்ட காசு வாங்குவமா" என்போம். சும்மா கொடுப்பதில் யார் நல்லதாகக் கொடுப்பார்கள்? நேர்க்குழாயாவது பரவாயில்லை. குழாய் திரும்புகிற இடத்தில் வைக்கிற அந்த வளைவு, அந்தப் பெண்டு, அதன் வெளிச்சுவரில்தான் அம்புட்டுக் குருணையும் வந்து மோதும். அதில்தான் நம் கடைக்காரர்கள் எல்லோரும் மெல்லிசான தகட்டை வைப்பது. நானும் வைத்தேன். வருஷக்கணக்காக வைத்தேன். சாதாக் குருணைக்கு அது தாங்கும், அதனால் மாட்டிக்கொண்டதில்லை.

உன் அக்கா கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரத்தில்தான் சௌந்தரம் எட்டு மெஷினுக்குக் குழாய் லைன் கேட்டு வந்தார். சென்னைக்காரன் ஒருத்தனும் அதே ஆர்டருக்கு விலை கொடுத்திருந்தான். மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டிய வாரம். அடித்துப் பிடித்து அந்த ஆர்டரை நான் வாங்கினேன். வாங்கிய விலையில் மிச்சம் பார்க்க எனக்குப் பெண்டைத் தவிர வேறு இடம் இல்லை. "என்ன மெட்டீரியல் ஓட்டுவீங்க?" என்று கேட்டேன். "சாதாதாண்ணே, மூடி, டப்பா" என்றார். இருபத்திரண்டு பெண்டும் மெல்லிசு போட்டேன். இதுவரைக்கும் நான் செய்தது தொழில்தான். உன்னிடம் இதற்காக வெட்கப்படப் போவதில்லை.

அடுத்த வருஷம் ஒரு நாள் அவர் போன் பண்ணினார். நான் ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "அண்ணே, வண்டிக் கம்பெனி ஆர்டர் ஒண்ணு வந்துருக்கு. கண்ணாடி நார் கலந்த நைலான். நம்ம லைன் தாங்கும்ல?" என்றார். கண்ணாடி கலந்த குருணை என்பது உள்ளே ஓடுகிற அரம், தம்பி. மெல்லிசுத் தகட்டை ஆறே மாதத்தில் தின்றுவிடும். எனக்கு அது தெரியும். தாங்காது என்று சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப நல்ல பெண்டா மாத்திக் குடுங்க, அதான் சேத்துக் குடுத்தீகள்ல" என்பதுதான். கல்யாணக் கடன் அப்படியே நிற்கிறது. பஸ்ஸும் வந்துவிட்டது. "தாங்கும் தாங்கும்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். பேரம் பேசி விலை குறைத்தது, மெல்லிசு போட்டது எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு சமாதானம் உண்டு. இந்த இரண்டு வார்த்தைக்கு மட்டும் கிடையாது.

நம் லைன் உறிஞ்சுகிற லைன் என்பதால், பெண்டில் ஓட்டை விழுந்தால் குருணை வெளியே கொட்டாது. வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கும். கூரைத் தூசி, அரைபட்ட தகட்டுத் தூள் எல்லாம் குருணையோடு சேர்ந்து மெஷினுக்குள் போகும். கீழே நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது. சௌந்தரத்துக்குப் பொருளில் கறுப்புப் புள்ளி விழுந்தது. ஒரு லாரிச் சரக்கு அப்படியே திரும்பி வந்தது. தூசி எங்கிருந்து வரும்? குருணையைக் காய வைக்கிற ட்ரையர் டப்பாவைத் துடைத்து, மூடி போட்டுப் பார்த்துக்கொள்கிறவன் யாரோ அவனிடமிருந்துதானே? அது முத்துராசு. பதினோரு வருஷம் அங்கே வேலை பார்த்தவன். அவன் தன் வெள்ளைத் துண்டை டப்பாவுக்குள் விட்டுத் துடைத்து, "மொதலாளி, துண்டப் பாருங்க, ஒரு பொட்டு அழுக்கு இருக்கா?" என்று நீட்டியிருக்கிறான். சௌந்தரம் துண்டைப் பார்க்கவில்லை. திரும்பி வந்த சரக்கைத்தான் பார்த்தார், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, "மூணாம் மெஷினுக்கு இழுவை கம்மியா இருக்குண்ணே" என்று எனக்குப் போன் வந்தது. அப்போது முழங்கால் நன்றாக இருந்தது, நானே ஏறினேன். பெண்டின் முதுகில் நிலக்கடலை அளவுக்கு ஓட்டை. விரலை வைத்தேன், பிடித்து இழுத்தது. கீழே நின்ற ஆளிடம் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்றேன். அன்றைக்கு டேப் சுற்றினேன். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போய், கனமான பெண்டு ஒன்றை மாட்டிவிட்டு, ஓட்டைப் பெண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். அந்த வாரத்துக்குள், சர்வீஸ் என்று சொல்லி, கண்ணாடிக் குருணை ஓடுகிற வரிசையில் இன்னும் ஐந்தை மாற்றினேன். மாற்றாத ஃபில்டருக்குப் பில்லும் போட்டேன். பில் போடாவிட்டால் சந்தேகம் வரும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் ஏறிப் பார்த்த அன்று நான் கம்பெனி கேட்டுக்குள் போகும்போது முத்துராசு கணக்கு முடித்துக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்தான். "வாரேண்ணே" என்றான். "சரிப்பா" என்றேன். உள்ளே போய் ஏணியில் ஏறிய பிறகுதான் அவன் வேலை போனது இந்த ஓட்டையால் என்று எனக்குத் தெரிந்தது, உண்மை. ஆனால் இறங்கும்போது தெரியும் அல்லவா? அவன் அப்போது பஸ் ஸ்டாப்பில்தான் நின்றிருப்பான். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். யார் கேட்டார்கள் என்றாய். நீ ஏழாவது படிக்கும்போது எதிர்வீட்டு ஸ்கூட்டரின் கண்ணாடியைப் பந்தால் உடைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோதும் நீயே போய்ச் சொன்னாய். நான் காசையும் கொடுத்து, உன் கன்னத்திலும் ஒன்று வைத்து, "யாருடா கேட்டா உன்னைய?" என்றேன். நீ மறந்திருப்பாய். வாக்கியம் மறக்கவில்லை, அதே சூட்டோடு திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் போனில் உன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. நானே விற்ற சரக்கு எனக்கே ரிட்டர்ன் வந்தது போல இருந்தது.

யாரும் கேட்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. செவ்வாய்க்கிழமை, நீ பேங்குக்குப் போயிருந்த நேரத்தில், முத்துராசு நம் கடைக்கு வந்தான். ஆள் இளைத்துப்போய், தலையெல்லாம் நரைத்துவிட்டது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, ஒரு ஒத்தாசை. கப்பலூர்லயே வேறொரு கம்பெனியில ட்ரையருக்கு ஆள் எடுக்குறாக. பேசிப் பாத்தாக, என்னைய அவுகளுக்குப் புடிச்சிருச்சு. பழைய எடத்துல ஒரு வார்த்த கேட்டுக்குறோம்னு சொல்லிட்டாக."

"அதுக்கு நான் என்னப்பா பண்ணணும்?"

"பழைய எடத்துல என்ன சொல்வாகன்னு ஒங்களுக்குத் தெரியாதாண்ணே? நாலு வருசமா இதே கததான். அம்புட்டு கம்பெனிக்கும் நீங்கதான கொழா மாட்டுறீக. நீங்க சொன்னா கேப்பாக. எம் பொண்ணு காலேஜி சேந்துருக்கா. லாட்ஜுச் சம்பளம் பத்தலண்ணே."

நாலு வருஷமாக அவன் ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் தண்ணீர் மோட்டாரும் ரூம் சாவியும் பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னைத்தான் நம்பி வந்திருக்கிறான், தம்பி. யாரால் வேலை போனதோ அவனிடமே சிபாரிசுக்கு.

அவன் போனதும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? சுலபமான வழியைத்தான் பார்த்தேன். சௌந்தரத்துக்குப் போன் பண்ணி, முத்துராசுவைப் பற்றி யாராவது விசாரித்தால் நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "அவனாண்ணே? ஒரு லாரிச் சரக்கக் கோட்ட விட்ட பய. நான் எப்படிண்ணே இன்னொருத்தன் தலையில கட்டுறது? நாளைக்கு என்னையத்தான கேப்பாக" என்றார். அவர் பக்கம் நியாயமாகத்தான் பேசினார். அவருக்குத் தெரிந்த நியாயம் அது. அதற்கு மேல் எனக்கு வழி இல்லாமல் போயிற்று. அந்தப் புதுக் கம்பெனிக்காரர் வியாழக்கிழமைக்குள் சௌந்தரத்துக்குப் போன் பண்ணுவார் என்று முத்துராசு சொல்லியிருந்தான். உன் கையெழுத்தும் வியாழக்கிழமைதான். கையெழுத்து முடிந்து வெள்ளிக்கிழமை சொல்லலாமா என்று யோசிக்காமல் இல்லை. நன்றாகவே யோசித்தேன். வெள்ளிக்கிழமை சொன்னால் முத்துராசுவுக்குப் பிரயோஜனம் இல்லை. வேலை போயிருக்கும்.

சௌந்தரத்திடம் நின்றுகொண்டேதான் சொன்னேன். போன், பஸ், ஓட்டை, பை, ஃபில்டர் பில், எல்லாவற்றையும் வரிசையாக. அவர் மேஜைமேல் இருந்த பேனாவை உருட்டினார்.

"அவன மெசினு முன்னாடி நிக்க வச்சுத் திட்டுனேண்ணே. ரெண்டு சிப்ட்டு ஆளும் பாத்தாக" என்றார். பிறகு, "இத இப்ப எதுக்குச் சொல்றீக? ஒங்க மகன் ஆர்டருக்கு எதும் புது வித்தையா?"

"ஆர்டர் போகும்னு தெரிஞ்சுதான் வந்துருக்கேன், சௌந்தரம்."

"போகத்தான் போகுது" என்றார். எழுந்து போனார். ஜன்னலோரம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அவரும் என்னை மாதிரி அடிமட்டத்திலிருந்து வந்த ஆள்தான், கோபத்திலும் கணக்கு ஓடும். "மத்த பெண்டெல்லாம் எப்படி இருக்கு?" என்றார். ஆறு மாற்றியாகிவிட்டது, பதினாறு இன்னும் மெல்லிசுதான் என்றேன். "அம்புட்டும் மாத்தணும், ஒங்க செலவுல." சரி என்றேன். "அப்பப் புது ஆர்டர் குடுத்தா, அதுலயும் பெண்டு ஃப்ரீதானே?" என்றாரே பார்க்கலாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது மட்டும் கெடையாது. ஃப்ரீயா குடுத்துத்தான் இம்புட்டும் வந்துச்சு. பெண்டுக்குத் தனியா காசு வாங்குவேன். வாங்குனாத்தான் நல்லது போடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும்" என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் காலை மிதித்திருப்பாய்.

அவர் என் எதிரிலேயே அந்தப் புதுக் கம்பெனிக்குப் போன் போட்டார். "முத்துராசு மேல தப்பில்ல, நாங்கதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம், தாராளமா எடுத்துக்கங்க" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் தடுத்திருக்க முடியாது.

அங்கிருந்து நேராக ஆரப்பாளையம் போனேன். உன்னிடம் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். முத்துராசுவிடம் முதலில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வாடிக்கையாளரிடம்தான் முதலில் போனேன். கால் பழகிய வழியில் போய்விட்டது. லாட்ஜ் வாசலில் சாவிக் கொத்தோடு நின்றவனிடம் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே கேட்டான்.

"அப்ப நான் தொடச்சது சுத்தமாத்தான் இருந்துருக்கு?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு."

"நாலு வருசமா எங்கயோ ஒரு மூலைய விட்டுட்டோம்னே நெனச்சுக்கிட்டு இருந்தேண்ணே. எம் பொண்டாட்டி கேட்டப்பக்கூட, விட்டுருப்பேன்டின்னு சொன்னேன்."

வேலை போனதைக்கூட நான் கணக்கில் வைத்திருந்தேன், தம்பி. அவன் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பணம் தருகிறேன் என்றேன். நாலு வருஷச் சம்பளத்துக்கும் லாட்ஜ் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வழியிலேயே மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன். "அத நீங்களே வச்சுக்கங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு ரூம் சாவியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சொன்னான். நம்மிடம் சர்வீஸ் வேலைக்கு வருகிறாயா என்றேன். "ஒங்ககிட்டயா?" என்று மட்டும் கேட்டான். பிறகு அவனாக ஒன்று கேட்டான். அதைச் சௌந்தரத்திடம் போனில் சொன்னேன். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அவரும் ஒத்துக்கொண்டார்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் குறைந்துவிட்டது. விலை பேசும் முன் என்ன குருணை ஓட்டப்போகிறார்கள் என்று கேள். மாதா மாதம் திரும்பவும் கேள், ஏனென்றால் அவர்கள் மாற்றிவிட்டுச் சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் ஏறப்போகும்போது போனில் பதில் சொல்லாதே. உன் முழங்கால் நன்றாக இருக்கும்வரை ஏணியில் நீயே ஏறு. ஏறிப் பார்த்ததை இறங்கியதும் சொல்லிவிடு, அன்றைக்கே, அந்த ஆள் பஸ் ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள். ஒரு நாள் தள்ளினால் அது ஒரு வருஷம் ஆகிவிடுகிறது. அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டியதுதான். மூட்டை தூக்கிய தோளோடு சொல்கிறேன், அதைவிட இது கனம்.

உன் கோபம் நியாயமானது. இரண்டு மாத உழைப்பு, உன் பெயரில் எடுக்கிற முதல் பெரிய ஆர்டர். நான் உன்னைக் கேட்காமல் போனேன். கேட்டிருந்தால் நீ தடுத்திருப்பாய், நானும் நின்றிருப்பேன். அதுதான் காரணம்.

சௌந்தரத்திடம் முடிவாகப் பேசியிருப்பது இது. பழைய லைனில் மீதிப் பதினாறு பெண்டையும் நம் செலவில், இந்த மாதத்துக்குள் மாற்ற வேண்டும். புது ஷெட்டில் பதினாறு மெஷின் இல்லை, இப்போதைக்கு எட்டு. விலை பதினொரு லட்சத்து நாற்பதாயிரம். கனப் பெண்டுக்கு ஒன்றுக்கு மூவாயிரத்து இருநூறு, தனி பில். ஒரு வருஷம் குறையில்லாமல் ஓடினால் மீதி எட்டும் உனக்கே. முத்துராசு கேட்டது: திங்கட்கிழமை காலை ஆறு மணி, ஷிஃப்ட் மாறுகிற நேரம், அவனைத் திட்டிய அதே இடத்தில், இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் நிற்க, நான் என் வாயால் சொல்ல வேண்டும். சௌந்தரம் பக்கத்தில் நிற்க வேண்டும். அவன் தன் பெண்டாட்டியையும் மகளையும் கூட்டி வருவான். மன்னிப்புக் கேட்க வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். பணம் எதுவும் கிடையாது.